நீட் பிசிக்ஸ்: காந்தப்புல வட்டத்தில் "எது சமம்?" என்று முதலில் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பிசிக்ஸில் எனக்குக் கைகொடுத்தது காந்தவியல், அதிலும் சீரான புலத்தில் மின்துகள் வட்டமடிக்கும் பகுதி. தமிழ் வழியில் படிக்கும் தம்பி தங்கைகள் இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

எனக்கு ஃபார்முலா மனப்பாடம் ஏறாது. அதனால் காந்த விசைதான் இங்கே மையநோக்கு விசை என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். உந்தத்தை மின்னூட்டத்தாலும் புலத்தாலும் வகுத்தால் ஆரம் என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

புரோட்டான், டியூட்ரான் (கன ஹைட்ரஜனின் கரு), ஆல்பா (ஹீலியம் கரு) மூன்றையும் ஒரே புலத்தில் செங்குத்தாக விட்டு ஆர விகிதம் கேட்பார்கள். பேனாவை எடுத்ததும் கேள்வியில் எது சமம் என்று கோடு போடுங்கள். நிறை 1, 2, 4. மின்னூட்டம் 1, 1, 2.

வேகம் சமம்: 1 : 2 : 2
உந்தம் சமம்: 2 : 2 : 1
இயக்க ஆற்றல் சமம்: 1 : √2 : 1
ஒரே மின்னழுத்த வேறுபாட்டில் முடுக்கியது: 1 : √2 : √2

கடைசி இரண்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே மின்னழுத்தம் என்றால் ஒரே ஆற்றல் இல்லை. ஆல்பாவுக்கு இரட்டை மின்னூட்டம், ஆற்றலும் இரட்டிப்பு. விடைகளை நெட்டுரு போடாதீர்கள், நாலையும் நீங்களே போட்டு வரவழையுங்கள்.

மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சேர்ந்து படிப்போம். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் துகளின் வேகத்தைப் பொறுத்ததல்ல என்றதும் உசிலம்பட்டி நண்பன் ஒருவன், "வேகமாப் போனா சீக்கிரம் சுத்தி முடிக்கணும்ல?" என்று விடாமல் கேட்டான். அருமையான கேள்வி. வேகம் இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும், ஓட வேண்டிய சுற்றளவும் இரட்டிக்கும், நேரம் மாறாது. 1 டெஸ்லா புலத்தில் புரோட்டான், வட்டம் சின்னதோ பெரிதோ, நொடிக்குச் சுமார் 1.5 கோடி முறை சுற்றும். மின்துகள்களை வட்டமடிக்க வைத்து வேகமேற்றும் சைக்ளோட்ரான் கருவி ஓடுவதே இதை நம்பித்தான்.

அப்புறம் சில:

- காந்த விசை துகள்மீது செய்யும் வேலை சுழி. திசைதான் மாறும், இயக்க ஆற்றல் அப்படியே இருக்கும்.
- எலக்ட்ரான் என்றால் இடக்கை விதியில் கிடைத்த திசையைத் திருப்பிப் போடுங்கள்.
- சாய்வாக நுழைந்தால் சுருள் பாதை. ஆரத்துக்குச் செங்குத்துக் கூறு மட்டும், சுற்றுக்காலம் அதேதான்.
- சைக்ளோட்ரானில் நியூட்ரானை முடுக்க முடியாது, மின்னூட்டம் இல்லை. எலக்ட்ரானும் ஆகாது, நிறை குறைவு, சீக்கிரமே ஒளிவேகத்தை நெருங்கி ஒத்திசைவு தப்பிவிடும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கும் இதே படிப்பு போதும். சைக்ளோட்ரான் படத்தில், இரண்டு D வடிவப் பெட்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் முடுக்குவது மின்புலம், பெட்டிகளுக்கு உள்ளே வளைப்பது காந்தப்புலம் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவிடுங்கள்.