கொம்பும் காலும்: சின்னவளின் வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 16, திங்கள்

டீச்சர் சின்னவளிடம் கொடுத்தனுப்பிய வாசிப்பு நோட்டில் தேதி, பக்கம், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள்தான். நாலாவதாக நானே ஒரு கோடு இழுத்து 'தடுக்கிய இடம்' என்று தலைப்புப் போட்டேன். வெறும் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் என்ன செய்வார்?

இன்று தடுக்கியதெல்லாம் கொம்பில்தான். 'மேகம்' என்ற சொல்லின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; வாயில் முதலில் வர வேண்டியது 'ம்'. 'கொ', 'கோ' இன்னும் படுத்தல், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

ஜூன் 18, புதன்

247 எழுத்து என்றால் பெரியவர்களுக்கே மலைப்பு. ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்தவை. அதனால் ம, மா, மி, மெ, மே, மை என்று ஒரே மெய்யைத் துண்டுத்தாளில் எழுதிக் கலைத்துப்போட்டு விளையாடினோம். கு, சு, டு, மு வரிசை மட்டும் இதில் அடங்காது. ஆளுக்கொரு உருவம். பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

ஜூன் 21, சனி

அவள் படிப்பதைக் கேட்க இன்று தாத்தாவின் முறை. அவள் வாயைத் திறக்கும் முன்பே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

"அப்பா, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணிட்டுச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் புள்ள முழிச்சிட்டு இருக்கணுமா?"

"முழிக்கட்டும்பா."

அடுத்த பக்கத்தில் 'வண்ணத்துப்பூச்சி' என்று இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு "பட்டாம்பூச்சி!" என்றாள். தாத்தாவுக்கு ஒரே பூரிப்பு. நான் முதல் எழுத்தில் விரலை வைத்தேன். "வ..." என்று இழுத்துப் படத்தை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் "வண்... ணத்... துப்..." என்று தானே கரையேறினாள். தாத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜூன் 25, புதன்

டீச்சரைப் பார்த்தேன். வகுப்பில் ஒவ்வொருவராகப் படிக்கக் கேட்க நேரம் போதாது, அதனால் ஜோடி சேர்த்துவிடுகிறாராம். ஒரு பிள்ளை படிக்க, இன்னொன்று விரலால் வரியைத் தொடரும். சின்னப் பத்தி ஒன்றையே சரளமாகும்வரை திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார். சாமுவேல்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1979-இலேயே எழுதிவைத்த முறைதான்.

"மனப்பாடம் ஆயிடாதா, டீச்சர்?"

"விரல் எழுத்தோட போகுதான்னு பாருங்க. நடுவுல ஒரு சொல்லைத் தொட்டு என்னன்னு கேளுங்க, தெரிஞ்சிடும்."

ஜூன் 29, ஞாயிறு

ஒரு பக்கம் கடகடவென்று படித்தாள். "நரி ஏன் ஓடுச்சு?" என்றேன். "எந்த நரி?" என்கிறாள்! எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். பிள்ளை தானே படிக்கத் தொடங்கியதும் கதை வாசித்துக் காட்டுவதைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளால் இன்னும் படிக்க முடியாத புத்தகத்தைத்தான் ராத்திரியில் நான் வாசிக்கிறேன்.

ஜூலை 2, புதன்

நாலாவது கட்டத்துக்குப் பதில் வந்திருக்கிறது: "ணு, னு இந்த வாரம் வகுப்பிலும் எடுக்கிறேன்."

தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஒரு பக்கத்தில் ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் எடுத்து வந்ததோ டைனோசர் புத்தகம். இரண்டாவது வரியிலேயே கை முழுக்க மடங்கிவிட்டது, புத்தகத்தை மட்டும் விடுவதாக இல்லை. சரி, வாய்க்குள் நுழையாத பெயர்கள் எனக்கு. 'பல்', 'வால்', 'முட்டை' எல்லாம் அவளுக்கு என்று ஒப்பந்தம்.