எடைமேடைச் சீட்டும் ஒரு பழைய படகும்

என் படகை நேரில் பார்ப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அதன் எடை எனக்குத் தெரிந்திருந்தது. அதன் நிறம் வெயிலில் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதோ, அதன் இருக்கைகள் உட்காரத் தகுந்தவையா என்பதோ தெரியாது. ஆனால் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ ஒருவருடைய கொட்டகையில் கிடந்த அந்த மீன்பிடிப் படகின் எடையைப் பத்து கிலோ முன்பின்னாகச் சொல்லியிருப்பேன். பழைய படகைத் தொலைவிலிருந்து வாங்க நினைத்து என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்களுக்கு இந்த எடைக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் தேடியது பாஸ்டன் வேலர் என்னும் பெயருடைய, 16 அடி 7 அங்குல நீளமுள்ள ஃபைபர் படகு. டிக் ஃபிஷர் என்பவர் 1958இல் தொடங்கிய நிறுவனம் அது. முதல் படகின் வடிவமைப்பில் அவருடன் இருந்தவர் ரே ஹன்ட். உள்ளும் புறமுமாக இரண்டு ஃபைபர் தோல்களை வார்த்து, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடம் முழுவதையும் பாலியூரித்தேன் நுரையால் நிரப்பி இறுகவிடுவதுதான் அவர்களுடைய முறை. அப்படிக் கட்டப்பட்ட படகு மூழ்காது என்பதைக் காட்டுவதற்காக, 1961இல் ஃபிஷர் ஒரு படகில் உட்கார்ந்தபடியே அதை இரண்டாக அறுக்கச் செய்து, இன்ஜின் இருந்த பின்பாதியை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் படங்கள் லைஃப் இதழில் வெளியாயின. இளம் வயதில் நண்பர் ஒருவருடன் அத்தகைய படகில் மீன்பிடிக்கப் போன நான்கைந்து காலைப் பொழுதுகள் என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டன. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேட்டை ஏரா என்பார்கள்; நடு ஏராவுக்கு இருபுறமும் துணை ஏராக்கள் ஓடும் அந்த அடிப்பகுதியால், ஒருவர் ஓரத்தில் நின்று தூண்டிலை இழுத்தாலும் படகு பெரிதாகச் சாயாது.

மூழ்காத படகு என்ற பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்த நுரை படகை மூழ்க விடாது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு உரிமையாளரும் தன் வசதிக்காக ஒரு தூண்டில் தாங்கி, ஒரு ஆழமானி, ஒரு பேட்டரிப் பெட்டி என்று எதையாவது பொருத்துவார். ஒவ்வொன்றுக்கும் நாலு துளை. துளையைச் சரியாக அடைக்காவிட்டால், இருபது முப்பது ஆண்டுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி நுரையில் தங்கிவிடும். பின்பலகையின் அடியில் செல்லும் பித்தளை வடிகுழாயின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தாலும் அதே கதைதான். குற்றம் படகைக் கட்டியவர்களுடையது அல்ல, துளையிட்டவர்களுடையது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் கடைசியாக வாங்குபவர். மேலே புதிதாக வண்ணம் பூசி, பாலிஷ் போட்டுப் படம் எடுத்தால், தண்ணீர் குடித்த படகுக்கும் உலர்ந்த படகுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு ஒன்றுமே இருக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதலில் எனக்குப் பிடித்துப்போன படகின் படங்கள் அறுபதுக்கும் மேல் இருந்தன. அத்தனையும் மாலை வெயிலில் எடுக்கப்பட்டவை. விற்பவர் நன்றாகப் பேசினார். நானும் முன்பணம் அனுப்பத் தயாராகிவிட்டேன். தண்ணீரில் மிதக்கும் நிலையில் எடுத்த ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், படகின் பக்கவாட்டில் படிந்திருந்த பழைய பாசிக்கோடு பின்பக்கம் போகப்போக மேலேறியிருந்தது கண்ணில் பட்டது. ஆள் ஏறாத, சரக்கு ஏற்றாத படகு பின்பக்கம் இப்படி ஆழ்ந்து மிதக்க வேண்டிய காரணமே இல்லை. எடை போட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். “படகை விலைக்குக் கேட்கிறீர்களா, எடைக்குக் கேட்கிறீர்களா?” என்று சிரித்தார். அதன் பிறகு என் அழைப்புகளை எடுக்கவில்லை.

இரண்டாவது படகைக் கண்டுபிடித்த விதம் வேறு. இத்தகைய படகுகளை நேசிப்பவர்கள் அவற்றின் பெயர், ஆண்டு, மாதிரி எல்லாவற்றையும் விளம்பரத்தில் துல்லியமாக எழுதுவார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும். பெரியவர் ஒருவர் காலமான பின் கொட்டகையைக் காலிசெய்யும் குடும்பத்தினருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆகவே பெயரைக் கொண்டு தேடுவதை நிறுத்திவிட்டு, ‘பழைய ஃபைபர் படகு’, ‘தாத்தாவின் படகு’, ‘ட்ரெய்லருடன்’ என்பன போன்ற சொற்களாலும், பெயரின் தவறான எழுத்துக்கோவைகளாலும் தேடத் தொடங்கினேன். படங்களில் நான் பார்த்தது அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், வடிவம் ஒன்றைத்தான். மற்ற படகுகளுக்குக் கூர்மூக்கு. இதற்கு மழுங்கிய, ஏறக்குறையச் சதுரமான மூக்கு. நான்கு மாதங்கள் கழித்து, தார்ப்பாய்க்கு வெளியே அந்த மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மங்கலான படம் கிடைத்தது. விளம்பரத்தில் இரண்டே வரிகள்.

விற்பவர், படகின் முந்தைய உரிமையாளருடைய மருமகன். 1978 படகு என்று மாமனார் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். பின்பலகையின் வலது மேல்மூலையில் உள்ள எண்ணை, சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துத் தெளிவாக்கிப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டேன். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்பட்ட படகுகளுக்குப் பன்னிரண்டு குறிகள் கொண்ட அடையாள எண் கட்டாயம். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரையும், அடுத்த ஐந்து குறிகள் வரிசை எண்ணையும், கடைசி நான்கு காலத்தையும் குறிக்கும். என் படகின் கடைசி நான்கு குறிகள் ‘எம் 78 சி’. அந்தக் கால முறைப்படி, ‘எம்’ வந்தால் அடுத்து வருவது மாதிரி ஆண்டு. இறுதி எழுத்து மாதம். மாதக் கணக்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டில் ‘ஏ’ என்று தொடங்குவதால் ‘சி’ என்பது அக்டோபர். அதாவது 1978ஆம் ஆண்டு மாதிரியாக 1977 அக்டோபரில் கட்டப்பட்டது. மாமனார் சொன்னது சரி. பத்திரத்தில் இருந்த எண்ணும் இதனுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. இது ஒத்துப்போகாத படகை, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தொடமாட்டேன்.

இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னது சரியாக இல்லை. அறிந்து சொன்ன பொய் என்றும் நான் நினைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கிய ஜான்சன் என்றார். ஜான்சன், எவின்ரூட் ஆகிய இரண்டும் ஒரே நிறுவனம் தயாரித்த அவுட்போர்டு இன்ஜின்கள், அதாவது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டுபவை. 1980 முதல் பல ஆண்டுகள், மாதிரி எண்ணுக்குள் ஆண்டை மறைத்து எழுத அந்த நிறுவனம் ‘இன்ட்ரொடியூசஸ்’ (INTRODUCES) என்ற பத்து எழுத்து ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தியது. முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று போய், பத்தாவது எழுத்துக்குப் பூஜ்யம். தகட்டில் இருந்தவை ‘சி’, ‘யு’. எட்டாவது எழுத்தும் ஏழாவது எழுத்தும், ஆக, 1987. பழைய சரக்காக வாங்கியதோ, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கியதோ, அது எனக்கு வேண்டியதில்லை. எட்டு வயது கூடிய இன்ஜினுக்கு உரிய விலையைப் பேச அந்த இரண்டு எழுத்துகள் போதுமாக இருந்தன.

வீடியோ அழைப்பில் இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னபோது, முதலில் மூடியைத் திறந்து உலோகத்தின் மேல் கையை வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். சூடாக இருந்தால் கையை உடனே எடுத்துவிடுவார். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றிய இன்ஜின் எவருக்கும் நல்லபடியாகத்தான் ஸ்டார்ட் ஆகும். அதன் குணம் தெரிவது குளிர்ந்த நிலையில். இது மூன்றாம் முயற்சியில் புகையோடு எழுந்தது. பின்னர் ஒரு மெக்கானிக்கை அனுப்பி அழுத்தம் பார்த்தேன். நான்கு சிலிண்டர்களும் 118, 115, 120, 116 பிஎஸ்ஐ. எண்கள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. கீழே உள்ள கியர் பெட்டியின் திருகை ஓரிரவு கழித்துத் தளர்த்தியபோது முதலில் வந்தது எண்ணெய்தான், தண்ணீர் அல்ல. தண்ணீர் இருந்தால் அது அடியில் தங்கி, எண்ணெய்க்கு முன்னே சொட்டியிருக்கும்.

இனி எடை. மருமகன் இந்த வேலையைச் சலிப்பில்லாமல் செய்தார். அதற்கு நான் என்றும் கடன்பட்டவன். முதலில் ட்ரெய்லரோடு படகை வண்டியில் இழுத்துச் சென்று, லாரிகளை எடை போடும் மேடையில், இழுத்த வண்டியை விலக்கி, படகு ஏறிய ட்ரெய்லரை மட்டும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்கினார். அங்கிருந்து இறங்குதுறைக்குப் போய்ப் படகைத் தண்ணீரில் விட்டு, காலி ட்ரெய்லருடன் அதே மேடைக்குத் திரும்பி இரண்டாம் சீட்டு. ஒரே நாள், ஒரே மேடை என்பதை நான் வற்புறுத்தியிருந்தேன். மேடைக்கு மேடை பிழை மாறும், ஒரே மேடையின் பிழை இரண்டு சீட்டிலும் இருக்குமாதலால் கழிக்கும்போது பெரும்பாலும் போய்விடும். இரண்டு எண்களின் வித்தியாசம்தான் படகும் அதன் மேலுள்ளவையும். அதிலிருந்து கையேட்டில் உள்ள இன்ஜின் எடை, பேட்டரிக்கு 20 கிலோ, டேங்கில் இருந்த 30 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 22 கிலோ, நங்கூரம், கயிறு, மிதவைச் சட்டைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தேன். மிஞ்சியதைத் தயாரிப்பாளரின் பழைய விவரத்தாளில் உள்ள எடையுடன் ஒப்பிட்டேன். கூடுதலாக இருந்தது 40 கிலோ.

நாற்பது கிலோ என்றால் நாற்பது லிட்டர் தண்ணீர் என்று உடனே முடிவுகட்ட முடியாது. மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். வண்ணப் பூச்சுகளும் பின்னால் சேர்த்த கம்பிகளும் சிறிது எடை கூட்டியிருக்கும். நாற்பது வயது கடந்த படகுக்கு நான் மனத்தில் போட்டிருந்த வரம்பு 70 கிலோ. அதைத் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். படகில் எனக்கு எத்தனை ஆசை இருந்தது என்பதை நினைத்தால், சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

எடை நல்லபடியாக வந்த பிறகே படகுச் சோதகர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அனுப்பினேன். நெகிழித் தலையுள்ள சிறு சுத்தியலால் உடல் முழுவதையும் சாண் சாணாகத் தட்டுவது அவர் வேலையின் பெரும்பகுதி. தோலும் நுரையும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை கணீரென்று வரும். விட்டுப்போன இடத்தில் ‘தொப்’ என்று அடங்கிவிடும். தொலைபேசியை அருகில் வைத்து அவர் தட்டத் தட்ட நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அணியத்தின் இடதுபுறம் உள்ளங்கை அகலத்தில் ஓரிடம் மட்டும் அடங்கி ஒலித்தது. பிறகு இன்ஜினை உயர்த்தி அதன் அடிப்பகுதியில் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்க, பின்பலகை அசையவில்லை. திருகுகளின் ஓரத்தில் பழுப்பு நீரும் கசியவில்லை. ஃபைபருக்குள் இருக்கும் மரப்பலகை மக்கியிருந்தால் அந்தப் பழுப்பு நீர்தான் காட்டிக்கொடுக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பத்தில் ஒரு பங்கு முன்பணம், சோதனையில் தேறாவிட்டால் திரும்பத் தர வேண்டும் என்று எழுத்தில். மீதி நேரில், பத்திரம் கைமாறும்போது. படகு, இன்ஜின், ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண் உண்டு என்பதையும், ட்ரெய்லரின் ஆவணத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பதையும் மட்டும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

ட்ரெய்லரை நானும் ஓரளவுக்குத்தான் கவனித்தேன். அதற்குத் தண்டனையும் கிடைத்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ‘2311’ என்று படத்தில் பார்த்ததும், 2011ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று கணக்கிட்டு, இரண்டு புது டயர்களுடன் புறப்பட்டேன். தேய்மானமே இல்லாத டயரும் வயதானால் வெடிக்கும். சக்கரக் குடங்களின் பேரிங்கை மட்டும் மருமகனின் வாய்வார்த்தையில் விட்டுவிட்டேன். திரும்பும் வழியில் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு குடங்களிலும் கைவைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. கையை வைத்துக்கொண்டிருக்க முடிந்தால் நலம். ஆறாவது நிறுத்தத்தில் இடதுபக்கக் குடத்தில் விரல் வைக்க முடியவில்லை. கருகிய கிரீஸின் நெடி அடித்தது. பேரிங் பொருத்திய உதிரிக் குடம் ஒன்று வண்டியில் இருந்ததால் சாலையோரத்திலேயே ஒன்றரை மணி நேரத்தில் மாற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துளைகளை எண்ணினேன். முந்தைய உரிமையாளர் போட்டவை மொத்தம் முப்பத்தேழு. அவற்றில் ஒழுங்காக அடைத்தவை ஒன்பது. அடங்கி ஒலித்த அந்த உள்ளங்கை அகலத்துக்கு நேர் மேலே, எதற்காகப் போட்டதென்று தெரியாத நான்கு துளைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. பித்தளை வடிகுழாயைக் கழற்றி, அணியம் உயரும்படி ட்ரெய்லரின் முன்பக்கத்தைக் கட்டைகளின் மேல் ஏற்றி, பின்னால் ஒரு வாளியை வைத்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாளிலிருந்து, மணிக்குச் சில சொட்டுகளாக, துரு நிறத்தில் இறங்கத் தொடங்கியது. ஐந்து வாரங்களில் வாளியில் சேர்ந்தது நாலரை லிட்டர். நாற்பது கிலோவில் மீதியைப் படகு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வாளியை நானும் இன்னும் எடுக்கவில்லை.