பிளீச்சில் நீலச் சாயம்: சூட்டைக் கவனியுங்கள்

பிளீச் ஒரு நீலச் சாயத்தை எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று அளக்கும் சோதனை இது. பிரில்லியண்ட் புளூ என்ற உணவுச் சாயத்தை லிட்டருக்கு 6 மில்லிகிராம் கரைத்தால், 630 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்வு (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்ற எண்) 1-ஐ ஒட்டி நிற்கும், அளக்க வசதி. 2.7 மில்லிலிட்டர் சாயத்தில் 0.3 மில்லிலிட்டர் நீர்த்த பிளீச் விட்டு, 20 விநாடிக்கு ஒருமுறை அளவெடுங்கள். பிளீச் மிகுதியாக இருந்தால்தான் உட்கவர்வின் இயல் மடக்கை நேர்க்கோட்டில் இறங்கும்.

10 பாகை செல்சியஸ் ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏர்கோன் அறை அளவையும் பினாங்கு மதிய வெக்கையில் எடுத்த அளவையும் ஒரே கோட்டில் சேர்ப்பது வீண் வேலை.

பெரிய தொல்லை குளிர்ந்த கரைசல்தான். 10 பாகையில் வைத்திருந்த குவெட் (கரைசலை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு குப்பி) நம் ஈரக்காற்றில் உடனே வியர்க்கும். பனித்த சுவர் ஒளியைச் சிதறடிக்க, நிறம் வெளுத்தும் எண் ஏறும். துடைத்துவிட்டு, சாயம் உட்கவராத 750 நானோமீட்டரில் பூச்சியம் வருகிறதா பாருங்கள். வெயிலில் கிடந்த பிளீச் வேண்டாம், வீரியம் போயிருக்கும். அமிலம் பக்கத்திலேயே கூடாது: குளோரின் வாயு கிளம்பும்.