வைவாவில் செடேஷன் கேட்டால் மருந்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை) தேர்வின் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, முதல் தடவை போனபோது, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு எப்படி செடேஷன் (மருந்தால் அமைதிப்படுத்தித் தூங்க வைப்பது) கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். புரோபோஃபால், மிடாசோலம், டெக்ஸ்மெடிடோமிடின் என்று மருந்துகளை டோஸோடு கடகடவென ஒப்பித்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அவருக்கு வலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்றார். பதில் வரவில்லை.

அடுத்த தடவைக்கு வரிசையையே மாற்றிப் படித்தேன். முதலில் வலி, அதற்கு மருந்து. அப்புறமும் தவிக்கிறார் என்றால்தான் செடேஷன், அதுவும் விழிப்பு நிலையைச் சொல்லும் ராஸ் அளவில் (0 என்றால் இயல்பான விழிப்பு, −5 என்றால் எழுப்பவே முடியாது) எந்த எண் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு. பெரும்பாலானோருக்கு −2க்குக் கீழே போகவே வேண்டாம். ஆழமாகத் தூங்க வைக்கிறீர்கள் என்றால், தசைத் தளர்வு மருந்து ஓடுகிறது, வலிப்பு அடங்கவில்லை என்று ஒரு காரணம் சொல்லத் தெரிய வேண்டும். மிடாசோலம் பக்கம் ஏன் கை போகக் கூடாது என்பதையும் கேட்பார்கள்: உடலில் தேங்கும், சிறுநீரகம் கெட்டிருந்தால் இன்னும் அதிகம், டெலிரியமும் (திடீரென வரும் மனக்குழப்பமும்) கூடும்.

டெலிரியத்தைப் புத்தகத்தில் படித்து எனக்குப் புரியவில்லை, கட்டிலருகே நின்றுதான் புரிந்தது. ஒரு பெரியவர், சத்தமே இல்லை, கண் திறந்து படுத்திருப்பார், தொந்தரவில்லாத நோயாளி என்று எல்லோரும் சொன்னோம். டெலிரியத்தைக் கண்டுபிடிக்கும் காம்-ஐசியு சோதனைக்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஏ' என்று சொல்லும்போது மட்டும் அழுத்துங்கள் என்று பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் 'ஏ'க்கு அழுத்தினார், அடுத்த எழுத்துக்கும் அழுத்தினார், அதற்கப்புறம் கை என் கைக்குள் அப்படியே கிடந்தது. இரண்டு தவறுக்கு மேல் போனாலே கவனம் சிதறுகிறது என்று அர்த்தம், டெலிரியத்தின் முக்கிய அடையாளம் அதுதான். கத்திக்கொண்டே குழாயைப் பிடுங்குபவரை யாரும் தவறவிடுவதில்லை, இப்படி அமைதியாக இருப்பவரைத்தான் தவறவிடுகிறோம். தேர்வுக்கு முன் பத்துப் பேரிடமாவது நீங்களே செய்து பாருங்கள்.

ஆய்வுகளில் மூன்று போதும். 2000இல் வந்தது, 128 பேர்: தினமும் ஒருமுறை செடேஷனை நிறுத்தியதில் வென்டிலேட்டர் நாட்கள் 7.3இலிருந்து 4.9 ஆகக் குறைந்தன. 2018இல் வந்த மைண்ட்-யுஎஸ்ஏ: ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தும் டெலிரியம் நாட்கள் குறையவில்லை. 2021இல் வந்த மெண்ட்ஸ்-2: செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளில், டெலிரியமோ கோமாவோ இல்லாமல் இருந்த நாட்களில் டெக்ஸ்மெடிடோமிடினுக்கும் புரோபோஃபாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ராஸ் −4, −5 என்றால் டெலிரியம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. மருந்தைக் குறைத்து, அவர் குரலுக்குக் கண் திறந்த பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை என்னிடம் கேட்டது இதைத்தான்.