பால் கவரின் மூலை

எங்கள் வீட்டில் தினமும் 3 பால் பாக்கெட். ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருஷத்துக்கு 1,095 கவர் வந்தது. அன்றைக்குத்தான் பகீரென்றது.

முன்பெல்லாம் கத்திரியால் மூலையைச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்துவிடுவேன். அந்தத் துணுக்கு சிங்க்கில் விழும், இல்லையென்றால் பெருக்கும்போது குப்பையோடு போய்விடும், அதை யாரும் பொறுக்கி எடுக்கப் போவதில்லை. இப்போது முழுதாக வெட்டுவதில்லை. கடைசியில் கொஞ்சம் விட்டுவிட்டால் துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பாலை ஊற்றியதும் கவருக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசுவேன், அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, கவர் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும். மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

அலசிக் காயவைக்கும் பழக்கம் பழைய பேப்பர் கடை அண்ணன் சொல்லித்தான் வந்தது. “ஈரத்தோட கட்டி வச்சா ரெண்டே நாள்ல நாத்தம் புடிச்சிக்கும் அக்கா, எனக்கு மேல வாங்குறவங்க எடுக்க மாட்டாங்க” என்றார். பால் கவர் பாலித்தீன், சுத்தமாக இருந்தால் உருக்கி மணிமணியாக்கி வேறு பொருள் செய்யலாம். அதே கவர் சாம்பார் சாதத்தோடு ஒரே வாளியில் விழுந்தால் யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க வேண்டும், அவரால் முடியாதது சென்னையின் குப்பைமேடுகளான கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேரும். பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் கழுவிப் போட்டுத் தப்பிக்க முடியாது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அது பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிசாகப் பூசிய அலுமினியம். ஒன்றோடொன்று ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரிப்பது பெரும்பாடு, அதனால் கடை அண்ணன் அதைத் தொடுவதே இல்லை. இந்த மாதிரிப் பொருளை வாங்காமல் இருப்பதுதான் வழி. ஷாம்பு பாக்கெட்டும் அப்படித்தான், நாங்கள் சீயக்காய்க்கு மாறி இரண்டு வருஷம் ஆகிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றித் தருவதை இன்னமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. பார்சல் வாங்கப் போனால் இரண்டு தூக்கு எடுத்துப் போகிறேன். மாவுக் கடைக்கும் அதே தூக்குதான். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மாத்திரை அட்டைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைத்திருக்கிறேன், பை முக்கால்வாசி நிறைந்துவிட்டது.