இருபது மீட்டர் பிளவும் ஏழு ஆப்புகளும்

நம் ஊரில் ஒருவருக்கு ஆப்பு வைத்துவிட்டார்கள் என்றால் அவருக்கு இரங்குவதுதான் வழக்கம். சென்ற கோடையில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், அட்லாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கிரானைட் சுவரில் எனக்கு நானே ஏழு ஆப்புகளை வைத்துக்கொண்டு, அவற்றை நம்பியே மேலே போனேன்.

இடத்தின் பெயர் செனன் கோவ். (இதனுடன் 'இல்' உருபைச் சேர்த்தால் செனன் கோவில் ஆகிவிடுவதால், வீட்டாரிடம் தொலைபேசியில் சொன்னபோது எந்தச் சாமி என்று கேட்டார்கள்.) லேண்ட்ஸ் எண்ட் முனைக்குச் சற்று வடக்கே இருக்கும் இந்தப் பாறைகள் பெரிய உயரமில்லை, ஒரே கயிற்று நீளத்தில் முடிந்துவிடக்கூடியவை. நாங்கள் தேர்ந்தெடுத்த வழி பிரிட்டிஷ் தரவரிசையில் ஹார்ட் சிவியர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். உண்மையில் அது தொடக்கநிலையைச் சற்றே தாண்டியவர்களுக்கான தரம். சுவரின் நடுவே ஏறக்குறைய நேராக மேலேறும் ஒரு பிளவு, கீழே விரல் நுழையும் அகலத்தில் தொடங்கி, இடையில் கை நுழையும் அளவுக்கு விரிந்து, உச்சியருகே முழங்கை வரை விழுங்கும் பொந்தாக முடிகிறது.

இந்தக் கிரானைட்டின் வயது ஏறத்தாழ 27.5 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியபோதும், மேலிருந்த சுமை அரித்து நீங்கியபோதும் உண்டான விரிசல்கள்தாம் இன்று நாம் கைநுழைக்கும் பிளவுகள். அருகில் போய்ப் பார்த்தால், சாம்பல் நிறப் பரப்பில் விரற்கடை நீளத்துக்கு வெள்ளைக் கட்டங்களாக ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. காலணி அவற்றில் அருமையாகப் பற்றும். புறங்கைத் தோலையும் அந்தப் படிகங்கள் அதே அருமையோடு உரித்துவிடும்.

கார்ன்வாலின் இந்தக் கடற்பாறைகளில் போல்ட் (பாறையைத் துளைத்து நிரந்தரமாகப் பொருத்தும் உலோகப் பிடி) அடிக்கும் வழக்கம் இல்லை. முதலில் ஏறுபவர் தம் இடுப்பில் தொங்கும் உலோகத் துண்டுகளைப் பிளவில் தாமே செருகி, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவார். பாறை பழையபடியே இருக்கும். செருகும் துண்டுக்கு ஆங்கிலத்தில் நட் என்று பெயர் வந்ததற்குக் காரணம், அது உண்மையிலேயே நட்டாக இருந்ததுதான். 1950களில் வேல்ஸில் ஏறியவர்கள், ஸ்னோடன் மலை ரயில் தண்டவாளத்தோரம் கிடந்த திருகாணி நட்டுகளைப் பொறுக்கி, உள்மரையை அராவி, கயிறு கோத்துப் பிளவில் செருகினார்கள். இன்றுள்ளது ஆப்பு வடிவ அலுமினியத் துண்டும் கம்பி வளையமும் மட்டுமே. பிளவு கீழ்நோக்கிக் குறுகும் இடத்தில் மேலிருந்து இறக்கி ஒரு வெட்டு இழுத்தால் கவ்விக்கொள்ளும். பக்கங்கள் இணையாக ஓடும் பிளவில் ஆப்பு நிற்காது. அங்கே, ரே ஜார்டின் வடிவமைத்து 1978இல் விற்பனைக்கு வந்த ஃப்ரெண்ட் வகைக் கேம் வேண்டும். இழுக்க இழுக்க அதன் இதழ்கள் விரிந்து இரு சுவர்களையும் அழுத்தும். வசதியான கருவிதான், ஆனால் எனக்கு ஆப்பின் மீதுதான் நம்பிக்கை அதிகம்: அது உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் முதல் ஆப்பை வைத்து, குட்டையான குவிக்டிராவில் (ஆப்பையும் கயிற்றையும் இணைக்கும் இரட்டைக் கொக்கிப் பட்டை) கயிற்றை மாட்டி, கீழ்நோக்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்துத் திருப்தியோடு நகர்ந்தேன். கயிற்றைப் பிடித்திருந்த தோழி, பாறையடி அலைத்தூவலில் நனைந்திருந்ததால் மூன்றடி, நான்கடி என்று பின்வாங்கி, கடைசியில் நன்றாகவே தள்ளிப்போய் நின்றிருக்கிறார். இரண்டாவது ஆப்பையும் மாட்டி மேலேறியபோது, அவரிடமிருந்து சாய்வாக வந்த கயிறு இறுகி முதல் ஆப்பை வெளிப்புறமாகவும் மேல்நோக்கியும் இழுத்தது. சின்னதாக ஒரு கிணுக்கென்ற சத்தம். குனிந்து பார்த்தால், நான் பெருமைப்பட்ட ஆப்பு கயிற்றில் வழுக்கிக்கொண்டு தோழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் ஆப்பு கீழ்நோக்கிய இழுப்பை மட்டும் தாங்கினால் போதாது, மேல்நோக்கியும் அசையக்கூடாது என்று படித்திருக்கிறேன். படித்தது கைக்கு வந்தது அன்றைக்குத்தான். அவர் உடனே பாறையை ஒட்டி வந்து ஈரத்திலேயே நின்றார். நான் இரண்டாவது ஆப்பை ஓங்கி இழுத்து இருத்தி, கயிறு சாய்ந்தாலும் ஆப்பு அசையாதிருக்க, அதில் நீளமான ஸ்லிங்கை (நாடா வளையம்) மாட்டிவிட்டேன்.

நடுப்பகுதியில்தான் ஏற்றத்தின் சுவை இருக்கிறது. விளிம்பைப் பிடித்து இழுத்து ஏறத்தான் மனம் சொல்லும். அப்படி ஏறினால் ஐந்து நிமிடத்தில் முன்கை கட்டையாகிவிடும். கையைத் தட்டையாக உள்ளே விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். அடிச்சதை புடைத்து ஒரு பக்கமும், விரல்முட்டிகள் மறுபக்கமும் அழுந்த, கையே ஆப்பாகிவிடும். பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைத்து, முழங்காலை நேராக்கினால் காலும் அப்படியே இறுகும். சரியாக அமைந்த ஹேண்ட் ஜாமில் பலமே செலவாவதில்லை. ஒரு கையில் தொங்கியபடி மறுகையால் அளவு பார்த்து அடுத்த ஆப்பைத் தேடலாம். நானும் அப்படித்தான் நின்றேன். கடைசி ஆப்பு இடுப்புக்கு இரண்டு மீட்டர் கீழே இருந்தது. விழுந்தால் நான்கு மீட்டரும் கயிறு நீளும் தூரமும் என்று மனம் கணக்குப் போட்டது. முதல் துண்டு ஆடியது, இரண்டாவது உள்ளே போகவே இல்லை, மூன்றாவதுதான் சொடுக்கென்று உட்கார்ந்தது.

உச்சியருகே சாம்பல் பச்சைப் பாசிக்காளான் புதர்போல அடர்ந்திருந்தது. நனைந்தால் சோப்புக் கட்டிதான். அன்று பிற்பகல் வெயில் நன்றாகக் காய்ந்ததால் சிக்கல் இல்லை. மேலே போல்ட் கிடையாது என்பதால், ஒரு பெரும்பாறையைச் சுற்றி ஸ்லிங்கும் பக்கத்துப் பிளவில் இரண்டு துண்டுகளுமாக நங்கூரம் அமைத்தேன். அலையிரைச்சலில் குரல் கேட்காது என்று தெரிந்து, மூன்று முறை இழுத்தால் நான் பத்திரம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

தோழி முப்பது ஆண்டுகளாக ஏறுபவர். பாதி தூரத்தில் கயிறு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. சொடுக்கென்று உட்கார்ந்த அந்த மூன்றாவது துண்டு வெளியே வர மறுத்திருக்கிறது. ஆப்பைப் பிடுங்கி வால் நசுங்கிய குரங்கின் கதையை மேலே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து, விரல்முட்டியில் ரத்தத்தோடு வந்தவர், ஆறைத்தான் கொண்டுவந்திருக்கிறேன், ஏழாவது உனக்காகக் காத்திருக்கிறது என்றார். கயிற்றில் இறங்கிப் போய், கொக்கிக் கம்பியால் கீழிருந்து தட்டித் தட்டி அதைக் கழற்ற எனக்கு இன்னும் இருபது நிமிடம் ஆனது.

அன்றிரவு தங்கும் விடுதியின் குளியல் தொட்டியில் எல்லாக் கருவிகளையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்தோம்; உப்பு தங்கினால் கேமின் அச்சுகள் இறுகிவிடும். புறங்கைக் காயங்கள் ஒன்றுவிடாமல் எரிந்தன.