க்ளீன் ரூமை மேட்டுப்பாளையத்திலிருந்து சேதராப்பட்டுக்கு மாற்றிய கதை

தூசி நுழையாதபடி காற்றை வடிகட்டி வைத்திருக்கும் அறைதான் க்ளீன் ரூம். பேனல்களைக் கோத்துக் கட்டும் மாடுலர் க்ளீன் ரூம் விற்பவர்கள் முதலில் சொல்வது, "எப்ப வேணும்னாலும் கழட்டி வேற இடத்துல மாட்டிக்கலாம் சார்" என்பதுதான். பொய் இல்லை. ஆனால் கழற்றி மாட்டுவது சுவரும் கூரையும் மட்டும்தான். உள்ளே இருந்த காற்றழுத்தம், ஈரப்பதக் கட்டுப்பாடு, லைசன்ஸ் எல்லாம் புது இடத்தில் முதலிலிருந்து வர வேண்டும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து சேதராப்பட்டுக்கு எங்கள் யூனிட்டை மாற்றினோம், அறையையும் பெரிதாக்கினோம். மருத்துவ டியூப்களைப் பொருத்திப் பாக்கெட் போடும் சின்ன யூனிட்; நான் பராமரிப்புப் பிரிவு.

கழற்றுவது சுலபம். பேனலுக்கு ஒரு எண், அதே எண் வரைபடத்திலும். இணைப்பில் இருக்கும் சிலிக்கானைக் கத்தியால் அறுத்தால் பேனல் கையோடு வந்துவிடும். எண்ணை முகப்பில் எழுதாமல் விளிம்பில் எழுதச் சொன்னவர் ஃபிட்டர் அண்ணன். துடைத்தாலும் அழியாது, மாட்டிய பிறகு வெளியே தெரியாது. மூலைகளை வளைவாக மூடும் அலுமினியக் கோவிங் கழற்றும்போதே வளைந்துவிடும், புதிதாக வாங்கத்தான் வேண்டும்.

காற்றில் இருக்கும் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் விஷயத்தில் முதலாளி, "இன்னும் ஒரு வருஷம் ஓடுமேப்பா" என்று இழுத்தார். அதன் உள்ளே இருப்பது மடிப்பு மடிப்பாக வைத்த கண்ணாடி இழைத் தாள். விரல் அழுந்தினாலே போச்சு. லாரியில் குலுங்கி வந்ததை மாட்டி, சோதனைப் புகை விட்டுப் பார்த்து, 0.01 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் திரும்பவும் கழற்றணும். கணக்கை எழுதிக் காட்டியதும் புதிது வாங்கச் சம்மதித்தார்.

வேலையை இழுத்தடித்தது தரைதான். பேனல் நிற்பது தரையில் பதிக்கும் அலுமினியச் சேனலில். தரை ஒரு பக்கம் இறங்கினால் பேனல் சாயும், மேலே சந்து விழும், கதவு தானாகத் திறந்துகொள்ளும். தளம் போட்ட ஒப்பந்தக்காரர் ரசமட்டம் வைத்து, "எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று காட்டினார். அவர் ரசமட்டம் மூன்றடி, எங்கள் அறை நாற்பது அடி! ட்யூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தபோது மூலைக்கு மூலை 12 மில்லிமீட்டர் இறக்கம். அதைச் சரிசெய்வது யார் செலவு என்று பேசி முடிக்கவே ஐப்பசி பிறந்துவிட்டது.

ஐப்பசியில் புதுச்சேரியில் துணியே காயாது, கான்கிரீட் எங்கே காயும்? 28 நாள் ஆனால் தரைக்கு எபாக்சிப் பூச்சு அடிக்கலாம் என்பார்கள். அது கான்கிரீட் பலம் பெறும் கணக்கு, ஈரம் போகும் கணக்கு அல்ல. பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் பார்த்தோம். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அன்றைக்கே எபாக்சி அடித்திருந்தால் பிறகு கொப்பளித்து உரிந்திருக்கும். காத்திருந்தோம். காற்றைக் குளிர வைத்து அறைக்குள் தள்ளும் ஏ.எச்.யூ. இயந்திரத்துக்கு மட்டும் மேடை உயர்த்திக் கட்டினோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையைப் பார்த்த ஊரில் இதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

அறையைப் பெரிதாக்க நினைப்பவர்கள் பேனல் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டுமென்றால் 150 கன மீட்டர் அறைக்கு 3,000 கன மீட்டர் காற்று போதும். அறை 240 ஆனால் 4,800 வேண்டும். பழைய ஏ.எச்.யூ. தாங்காது. கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிய முதலில் நன்றாகக் குளிர வைத்து, அப்புறம் லேசாகச் சூடேற்ற வேண்டும். அந்த ஹீட்டர் இல்லாவிட்டால் அறை குளிரும், ஈரப்பதம் இறங்காது. கொட்டேஷனில் முதலில் வெட்டப்படுவது அந்த ஹீட்டர்தான், விடாதீர்கள்.

எல்லாம் மாட்டி ஓட்டினால் அழுத்தம் ஏறவில்லை. வெளித் தூசி உள்ளே வராமல் இருக்கப் பக்கத்து அறையைவிட அழுத்தம் 15 பாஸ்கல் கூடுதலாக வேண்டும், மீட்டர் முள் 6-லேயே நின்றது. காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரைத் திருகிப் பார்த்தார்கள், பயனில்லை. ஃபிட்டர் அண்ணன் அறைக்கு வெளியே ஊதுபத்தி கொளுத்தி, ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போனார். இணைப்புகளில் புகை நேராக ஏறியது. ஸ்விட்ச் பெட்டி அருகே வந்ததும் சட்டென்று ஒதுங்கிப் பறந்தது. பேனலுக்குள் ஒயர் போகும் குழாய் வழியாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒயரை இழுத்தாரே தவிர, குழாய் வாயை யாரும் அடைக்கவில்லை. எல்லாப் பெட்டியிலும் சீலண்ட் வைத்த பிறகு முள் 15-ஐத் தாண்டியது. துகள் எண்ணிக்கையில் சிக்கல் வரவில்லை. ஐஎஸ்ஓ 8 என்ற தூய்மைத் தரத்துக்கு ஒரு கன மீட்டரில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,20,000 வரை இருக்கலாம்; ஆள் இல்லாமல் எடுத்த அளவு அதைவிட எவ்வளவோ குறைவு.

லைசன்ஸ் முகவரிக்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது. 2017 மருத்துவ சாதன விதிகளின்படி உற்பத்தி இடம் மாறினால் முன் அனுமதி வேண்டும். ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகை உண்டு; எங்களுடையது பி வகை என்பதால் புதுச்சேரியிலேயே வேலை முடிந்தது. சி, டி வகை என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகணும். அதுவரை விற்கச் சரக்கை முன்கூட்டியே செய்து வைத்திருந்ததால் வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகவில்லை.

இப்போதைய தலைவலி உடை மாற்றும் அறை. உற்பத்தி அறையைப் பெரிதாக்கியவர்கள் இதைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இடம் போதாமல் யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், முள் கீழே இறங்குகிறது. ரெண்டு பேட்ச்சாக உள்ளே விடுகிறோம். பக்கத்துச் சுவரைத் தள்ள கொட்டேஷன் கேட்டிருக்கிறோம்.